வட்டியும் வேண்டும், முதலும் வேண்டும்!

போனஸ் பட்டுவாடா ஆகும் நாளிலும், ஆலை மூடப்பட்டுக் கணக்குத் தீர்க்கும் நாளிலும், அறுவடை முடிந்து நாலு காசு மிஞ்சும் நாளிலும் உழைப்பாளி வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான். இந்தப் பணத்தை எங்கே போடுவது? எங்கே போட்டால் நல்ல வட்டி கிடைக்கும்?

ராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளியும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் தொழிலாளியும், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் விவசாயத் தொழிலாளியும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்கு உரிய பலனை எதிர்பார்ப்பது பேராசை அல்ல.

"அன்றாடம் காய்ச்சிக்குச் சேமிப்பு ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பாளியின் வீட்டைப் பார்த்ததில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் குப்பங்களில் புகுந்தது. வலையும் படகும் கெட்டன, தொழில் நின்றது. இப்படிப்பட்ட நாளில் கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கும் குடும்பத்துக்கும், அது இல்லாமல் தண்டல்காரரைத் தேடி ஓடும் குடும்பத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது வடசென்னையில் சிறு குழந்தைக்கும் தெரியும். சேமித்தால் வறுமை ஒழிந்துவிடும் என்று உபதேசிக்க நாம் வரவில்லை. கூலி போதாதவனிடம் சிக்கனத்தைப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் பாடுபட்டு மிச்சம் பிடித்த பணம் பாழாகக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் கடன், பிறகு கணக்கு

வட்டியைப் பற்றிப் பேசுமுன் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 10,000 ரூபாயைத் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் போடுகிறார். ஆண்டுக்கு 400 ரூபாய் வட்டி வருகிறது. அதே ஆள் 10,000 ரூபாய் கடனுக்கு ரூபாய்க்கு மூன்று பைசா வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600 ரூபாய். ஒரு பக்கம் 400 வரவு, மறுபக்கம் 3,600 செலவு. இவருக்கு நல்ல வட்டி தரும் இடம் எது? கடன் கொடுத்தவரின் வீட்டு வாசல்தான். அந்தக் கடனை அடைப்பதே இவர் செய்யக்கூடிய முதல் சேமிப்பு.

தண்டல் கணக்கு இன்னும் மோசம். கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாளில் 10,000 வசூலித்தால், ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாள் தொட்டே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது நூற்றுக்கு எழுபதுக்கும் மேல்! எந்தப் பாங்கும் டெபாசிட்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தந்துவிடாது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் வட்டி ஆகியவற்றைத் தடுக்க 2003ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தண்டல் தெருவில் இருக்கிறது. ஆகவே வட்டிக் கடன் இருக்கும்வரை அதை அடைப்பதே முதல் வேலை. அதன் பிறகு மிஞ்சுவதற்குத்தான் பாங்கு.

வட்டி குறைந்த கதை

சரி, பாங்குக்குப் போவோம். சேமிப்புக் கணக்குக்கு எவ்வளவு வட்டி என்பதை ஒரு காலத்தில் ரிசர்வ் பாங்கு நிர்ணயித்தது. எல்லாப் பாங்கிலும் ஒரே விகிதம். 2011 மே மாதத்தில் அது 4 சதவிகிதமாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி ரிசர்வ் பாங்கு இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இனி பாங்குகள் போட்டி போடும், போட்டியால் வட்டி உயரும், ஏழை எளியவர் பயனடைவர் என்று சொல்லப்பட்டது.

நடந்தது என்ன? நாட்டின் மிகப் பெரிய பாங்கான ஸ்டேட் பாங்கின் கணக்கைப் பாருங்கள். 2017 ஜூலை 31ஆம் தேதி சேமிப்புக் கணக்கின் வட்டி 4இலிருந்து 3.5 ஆயிற்று. யாருக்கு? ஒரு கோடி ரூபாய் வரை வைத்திருப்பவர்களுக்கு. ஒரு கோடிக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு அதே 4 நீடித்தது! ஆயிரம் ரூபாய்க்காரனுக்கு வெட்டு, கோடி ரூபாய்க்காரனுக்கு விலக்கு. 2020ஆம் ஆண்டில் 2.7 ஆயிற்று. 2025 ஜூன் 15 முதல் 2.5 ஆயிற்று.

போட்டி வந்தது உண்மை. பெரிய தொகை வைத்திருப்பவனுக்காக அந்தப் போட்டி வந்தது. சிறிய தொகை வைத்திருப்பவன் எங்கே போய்விடப் போகிறான் என்ற அலட்சியமும் கூடவே வந்தது. நம்மிடம் இரண்டரைக்கு வாங்கும் பணத்தைப் பாங்கு பத்துக்கும் அதற்கு மேலும் தனிநபர் கடனாகக் கொடுக்கிறது. இடையில் இருக்கும் வித்தியாசத்தில் பாங்கின் செலவும் லாபமும் அடங்குகின்றன. விலைவாசி ஆண்டுக்கு ஐந்தும் ஆறும் ஏறும் காலத்தில் இரண்டரை வட்டிக்குப் போட்ட பணம் பெட்டியில் கரையும் கற்பூரம்தான்.

கொடுப்பது ஒரு கை, பிடுங்குவது இன்னொரு கை

வட்டி குறைந்தது போதாதென்று அபராதமும் வந்தது. 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்கு குறைந்தபட்ச இருப்பு விதியை மறுபடி கொண்டுவந்தது. கணக்கில் குறிப்பிட்ட தொகை இல்லையென்றால் அபராதம். அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரை அது இப்படி வசூலித்தது 1,771 கோடி ரூபாய் என்று நிதி அமைச்சகத்தின் கணக்கு வெளியாயிற்று. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்தில் அந்தப் பாங்கு காட்டிய லாபத்தை விட இது அதிகம்! பணம் இல்லாதவனிடம், பணம் இல்லை என்பதற்காகவே பணம் பிடித்தார்கள். இதை என்னவென்று சொல்வது?

எதிர்ப்புக் கிளம்பிற்று. அபராதம் குறைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் ஸ்டேட் பாங்கு அதை அடியோடு நீக்கியது. ஆனால் மற்றப் பாங்குகள் தொடர்ந்தன. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்தாண்டில் பொதுத்துறைப் பாங்குகள் வசூலித்த இந்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய் என்று 2024இல் பார்லிமெண்டில் சர்க்காரே சொல்லியது. அதன் பிறகுதான் 2025இல் கனரா பாங்கு, இந்தியன் பாங்கு போன்றவை ஒவ்வொன்றாக இதைக் கைவிட்டன. தனியார் பாங்குகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது.

ஏ.டி.எம். கட்டணமும் உண்டு. மாதத்தில் இலவசமாக எடுக்கும் தடவைகள் தீர்ந்தபின், ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று 2025 மே முதல் விதி. 10,000 ரூபாய்க்கு இரண்டரை வட்டியில் ஆண்டு முழுவதும் கிடைப்பது 250 ரூபாய். கூடுதலாகப் பதினோரு தடவை ஏ.டி.எம்.முக்குப் போனால் 253 ரூபாய் போயிற்று. வட்டியும் போயிற்று, மேற்கொண்டு மூன்று ரூபாயும் போயிற்று! எனவே, வட்டி எவ்வளவு என்று கேட்கும்போதே பிடித்தம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கம்பெனி திறந்து கொடுக்கும் சம்பளக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. காண்ட்ராக்டர் மாறிச் சம்பளம் வருவது நின்றால் சில மாதங்களில் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும். நமக்குத் தெரியாமலே அபராதம் ஏறத் தொடங்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறியவர்கள் பழைய கணக்குகளை மூடிவிடுங்கள். அல்லது அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். இருப்பே இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய இந்தக் கணக்கை எல்லாப் பாங்குகளும் தர வேண்டும் என்று 2012இல் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. 2014 ஆகஸ்டில் வந்த ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். பாங்கு தரும் தயவு அல்ல இது, நமது உரிமை.

கொழுத்த வட்டியின் கதி

பாங்கு இரண்டரை தருகிறது, தபாலாபீஸ் நாலு தருகிறது. இந்த நேரத்தில் ஒருவர் வந்து, "லட்சம் போடுங்கள், மாதம் முப்பதாயிரம் தருகிறேன்" என்கிறார். சபலம் தட்டாதா? தட்டும். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகவும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதை நேரில் பார்த்திருப்போம். அதனால்தான் விழுகிறோம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் இப்படித்தான் மாதம் 25, 30 சதவிகிதம் என்று சொல்லிப் பணம் திரட்டியதாக 2022இல் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசார் வழக்குத் தொடுத்தனர். போலீசார் சொன்ன கணக்கின்படி சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய்! நகையை அடகு வைத்தவர்களும், நிலத்தை விற்றவர்களும், உறவினரிடம் வாங்கிக் கட்டியவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மாதம் முப்பதாயிரம் என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். லட்சத்தைப் போட்டு ஒரே ஆண்டில் அதைப் போல் மூன்று பங்குக்கு மேல் சம்பாதிக்கும் தொழில் எது? துறைமுகத்தில் அப்படி லாபம் உண்டா? உர ஆலையில் உண்டா? டயர் ஆலையில் உண்டா? அங்கே வேலை செய்யும் நமக்குத் தெரியாதா? பின்னால் சேருபவன் பணத்தை முன்னால் சேர்ந்தவனுக்கு வட்டியென்று கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு வழியே கிடையாது. சேருபவன் நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

"அது புதுக் கம்பெனி. பழைய, பேர்போன இடத்தில் போடலாமே" என்று சிலர் நினைக்கலாம். பெயரும் காப்பாற்றாது. ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கடற்கரை வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்தது ஆர்பத்நாட் கம்பெனி. வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களின் நிறுவனம். வக்கீலும் மிராசுதாரும் மட்டுமல்ல, சாதாரணக் குமாஸ்தாவும் அங்கே பணம் போட்டார்கள். 1906 அக்டோபர் 22ஆம் தேதி அது கதவைச் சாத்தியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களின் வாழ்வு குலைந்தது குலைந்ததுதான். அந்த அடியில் விழித்துக்கொண்ட சென்னைக்காரர்கள், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முன்நின்று, 1907 ஆகஸ்டில் இந்தியன் பாங்கைத் தொடங்கினார்கள். 1969 ஜூலை 19ஆம் தேதி தேசியமயமான 14 பாங்குகளில் அதுவும் ஒன்று.

நூறாண்டு கழிந்த பிறகும் பாடம் பழசாகவில்லை. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் பண்டில், தவணை முடிந்த டெபாசிட் திரும்பவில்லை என்று முதியவர்களும் பென்ஷன்காரர்களும் முறையிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். குற்றத்தைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். நாம் பார்க்க வேண்டியது வேறு. ஒன்றரை நூற்றாண்டுப் பெயர்ப் பலகை டெபாசிட்டுக்கு ஜாமீன் ஆகாது.

அப்படியானால் எது ஜாமீன்?

1960 ஆகஸ்டில் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. சிறு டெபாசிட்தாரர்கள் தவித்தார்கள். நாடெங்கும் எழுந்த அதிர்ச்சிக்குப் பிறகே டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. 1962 ஜனவரி முதல், பாங்கு மூழ்கினாலும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும் என்ற பாதுகாப்பு ஏற்பட்டது. 1993இல் அது ஒரு லட்சமாயிற்று. பிறகு இருபத்தேழு ஆண்டு அசையவில்லை. 2019 செப்டம்பரில் பம்பாயின் பி.எம்.சி. கூட்டுறவு பாங்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாதென்று ரிசர்வ் பாங்கு தடுத்தது. டெபாசிட்தாரர்கள் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரியில் வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. பணம் எடுப்பது தடைபட்டால் 90 நாளுக்குள் இந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஒரு பாங்கில் ஒருவர் பெயரில், எல்லாக் கிளைகளும் சேர்த்து, முதலும் வட்டியுமாக 5 லட்சம் வரை இந்தப் பாதுகாப்பு உண்டு. பொதுத்துறை, தனியார், சிறு நிதி பாங்குகள், நகரக் கூட்டுறவு பாங்குகள் எல்லாம் இதில் அடங்கும். எவை அடங்காது? நிதிகள், பைனான்ஸ் கம்பெனிகள், நகைக்கடைச் சீட்டுகள், தீபாவளி பண்டுகள். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கும் இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. பொன்னேரிப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். தபாலாபீஸ் சேமிப்புக்கோ இன்ஷூரன்ஸே தேவையில்லை. 1882 முதல் நாடெங்கும் நடந்துவரும் அந்தச் சேமிப்பு முழுவதற்கும் மத்திய சர்க்காரே பொறுப்பு.

எதை எங்கே போடுவது?

எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போட வேண்டியதில்லை. எந்தப் பணம் எப்போது தேவைப்படும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நாளையோ மறுநாளோ தேவைப்படலாம் என்ற பணத்தை வீட்டுக்கு அருகிலுள்ள பாங்கில் அடிப்படைக் கணக்கில் வையுங்கள். அரை சதவிகிதம் கூடுதல் வட்டிக்காகத் தூரத்துப் பாங்குக்குப் போய் ஒரு நாள் கூலியை இழப்பது கணக்காகாது.

அவசரச் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் வைக்கலாம். 4 சதவிகிதம். குறைந்தபட்சம் 500 ரூபாய் இருக்க வேண்டும். ஒரு விஷயம் முக்கியம். அங்கே ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. 11ஆம் தேதி கட்டினால் அந்த மாதம் வட்டி இல்லை. ஆகவே சம்பளம் வந்ததும், 10ஆம் தேதிக்கு முன் கட்டுங்கள். எடுப்பதை முடிந்தால் அடுத்த மாத முதல் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

போனஸ் போல மொத்தமாக வந்து, ஓராண்டு தொடாமல் இருக்கக்கூடிய பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுத் தூங்கவிடக் கூடாது. 50,000 ரூபாய்க்கு இரண்டரை வட்டியில் ஆண்டுக்கு 1,250 ரூபாய். தபாலாபீஸ் ஓராண்டு டெபாசிட்டில் 2025ஆம் ஆண்டின் 6.9 சதவிகிதப்படி 3,540 ரூபாய். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் எடுக்க முடியாது. ஓராண்டுக்கு முன் எடுத்தால் நாலு வட்டிதான்.

மாதாமாதம் சிறிது சிறிதாகச் சேர்ப்பவர்களுக்குத் தபாலாபீஸ் ஆர்.டி. உண்டு. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஐந்தாண்டு. 2025இல் இருந்த 6.7 சதவிகிதப்படி மாதம் 1,000 கட்டினால் போட்டது 60,000. கிடைப்பது 71,300க்கு மேல். ஒரு தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். ஓராண்டு ஒழுங்காகக் கட்டியபின் அதன் மேல் பாதிவரை கடனும் வாங்கலாம். தண்டல்காரரிடம் போகாமலிருக்க இதுவே ஒரு வழி. இந்த விகிதங்களை மத்திய சர்க்கார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது. கட்டப்போகும் நாளில் ஜன்னலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2016க்குப் பின் தோன்றிய சிறு நிதி பாங்குகள் சேமிப்புக் கணக்குக்கு ஐந்து, ஆறு, ஏழு என்று விளம்பரம் செய்கின்றன. பொய் அல்ல. ஆனால் அந்த உயர்ந்த விகிதம் பெரும்பாலும் லட்சக்கணக்கில் இருப்பவர்களுக்குத்தான். "என் பத்தாயிரத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், 5 லட்சத்துக்கு உட்பட்டுப் போடலாம்.

இவற்றுக்கு வெளியே யார் டெபாசிட் கேட்டாலும், சீட்டு நடத்துவதாகச் சொன்னாலும், அனுமதிப் பத்திரத்தையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகாத சீட்டு சட்டவிரோதம். அனுமதியின்றி டெபாசிட் திரட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. டெபாசிட் திரட்ட யாருக்கு அனுமதி உண்டு என்று பார்க்க ரிசர்வ் பாங்கின் "சசேத்" இணையதளம் இருக்கிறது. கைபேசி தெரிந்த இளைஞர்கள் சங்க ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பார்த்துச் சொல்லலாம். தெரிந்தவர், உறவுக்காரர், ஊர்க்காரர் என்பதெல்லாம் அனுமதிப் பத்திரம் ஆகாது. மோசடிக்காரன் முதலில் பிடிப்பதே நம் உறவுக்காரரைத்தான்.

நமது கோரிக்கை

தனித்தனியாக ஜாக்கிரதையாக இருப்பது அவசியம். அது மட்டும் போதாது. சிறு சேமிப்பின் வட்டி யாரோ ஆகாயத்திலிருந்து போடும் விதி அல்ல. 2011இல் ஒரு முடிவு அதை அவிழ்த்துவிட்டது. இன்னொரு முடிவு அதைக் கட்ட முடியும். அபராதத்தை எதிர்த்துக் குரல் எழுந்தது, அபராதம் போயிற்று. வட்டியையும் அப்படிப் பேச வேண்டும்.

ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள சேமிப்புக் கணக்குகளுக்குத் தபாலாபீஸ் விகிதத்துக்குக் குறையாத வட்டியை எல்லாப் பாங்குகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதிக்க வேண்டும். தனியார் பாங்கு உட்பட எங்குமே குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் கூடாது. சம்பளம் நின்ற கணக்கு தானாகவே அடிப்படைக் கணக்காக மாற வேண்டும். கிராமத்துக் கூட்டுறவுச் சங்க டெபாசிட்டுக்கும் இன்ஷூரன்ஸ் வேண்டும். இவை பெரிய சலுகைகள் அல்ல. நம் பணத்தைக் கொண்டு நடக்கும் பாங்கிடம் நாம் கேட்கும் நியாயம்.

ஒவ்வொரு தொழிற்சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தபாலாபீஸ் வட்டியையும், அருகிலுள்ள பாங்குகளின் வட்டியையும், அவற்றின் பிடித்தங்களையும் ஒரே காகிதத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லட்டும். போனஸ் வாங்கிக்கொண்டு ஆலை வாசலைத் தாண்டும் தொழிலாளியின் கையில், கொழுத்த வட்டிக்காரனின் துண்டுப் பிரசுரம் விழுமுன் இந்தக் கணக்கு போய்ச் சேரட்டும்.